நாலு பிஸ்டனும் ஒரு முதுகும்

மலையூரான அத்பாஷியில் ஞாயிறு ஆட்டுச் சந்தை. அசனாலி தன் சின்ன லாரியைச் சந்தை வாசலில் நிறுத்தினார். சாவியைத் திருப்பி உருவி, விரலில் மாட்டிச் சுழற்றியபடி பத்தடி நடந்திருப்பார். பின்னால் லாரி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. சாவி இவர் கையில், இன்ஜின் தன் போக்கில். டக், டக்கடக் என்று இருமி, உடம்பை உலுக்கி, கறுப்பாய்ப் புகை துப்பி, அவர் திரும்பி நின்று முறைத்த பிறகும் அரை நிமிஷம் ஓடிவிட்டுத்தான் ஓய்ந்தது.

ஆடு பிடிக்க வந்தவர்கள் ஆட்டை விட்டுவிட்டு இதைப் பார்த்தார்கள். சம்சா சுடுகிற சுலைகா அடுப்பு வாயிலிருந்து தலையை வெளியே எடுத்தாள். அவளுக்கு அறுபது வயது, அந்தச் சந்தையில் அவள் வாய்க்குப் பயப்படாத ஆண் கிடையாது.

"என்ன அசனாலி, சாவிய எடுத்தாலும் நிக்க மாட்டேங்குது? வீட்டுல ஒருத்தி சொல்பேச்சு கேக்குறதில்லன்னு பொலம்புவியே, இப்ப லாரியும் சேந்துக்கிச்சா?"

சந்தையே சிரித்தது. கடல் இல்லாத நாடுதான், ஆனாலும் அன்றைக்கு அசனாலியின் மானம் கப்பலேறியது.

சொல்பேச்சு கேட்காத அந்த ஒருத்திதான் புருல். அசனாலியின் தம்பி எசெனுடைய மனைவி. நாற்பத்தெட்டு வயது, தோளில் பலம், நகக்கண்ணில் எப்போதும் கறுப்பு. சந்தைக்குப் பின்னால் மெக்கானிக்குகள் வரிசையில் கடைசி இரும்புப் பெட்டி அவளுடையது. ரயிலில் சரக்கு வந்த பெட்டி, ஒரு பக்கம் முழுக்கக் கதவு. அதைத் திறந்தால் பட்டறை, சாத்தினால் மறுபடி பெட்டி.

அவள் அரசுப் பண்ணையின் டிராக்டர் நிலையத்துக்குப் பின்வீட்டில் பிறந்தவள். பதினேழு வயதில் நாரின் நகரத்து இயந்திரப் பள்ளியில் சேரப் போனாள். வகுப்பில் முப்பத்தொரு பையன்கள். "தையல் வகுப்பு பக்கத்துக் கட்டடம்" என்று மூன்று வாத்தியார்கள் தனித்தனியாக வழி காட்டினார்கள். மூன்று பேருக்கும் நன்றி சொல்லிவிட்டு முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். இரண்டு வருஷம் கழித்துக் கையில் சான்றிதழோடு வெளியே வந்தாள். அந்தச் சான்றிதழ் இன்றைக்கும் பெட்டிக்குள் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது. பெட்ரோல் கறை பட்டு மஞ்சளாகிவிட்டாலும் பெயர் நன்றாகத் தெரியும்.

பிறகு கல்யாணம். எசென் பள்ளியில் பூகோளம் நடத்துகிறவன், ஈ எறும்புக்கும் தீங்கு நினைக்காதவன். அரசுப் பண்ணை கலைந்தபோது ஆளுக்கு ஒன்று அள்ளிக்கொண்டார்கள். அசனாலி குடும்பத்துக்கு ஒரு லாரியும் ஒரு காலிப் பெட்டியும் வந்தன. மூத்தவர் என்பதால் இரண்டுமே அவர் பெயரில். லாரியைத் தான் வைத்துக்கொண்டு பெட்டியை, "கெலின் வெளையாடட்டும்" என்று விட்டுவிட்டார். அங்கே வாழ வந்த பெண் கெலின். ஐம்பது வயதானாலும், பேரன் எடுத்தாலும், அந்த வீட்டுக்கு அவள் கெலின்தான். கெலினுடைய அந்த விளையாட்டு இருபத்திரண்டு வருஷமாக நடக்கிறது. பள்ளத்தாக்கில் பாதி வண்டிகளின் வயிற்றை அவள் கைதான் கழுவியிருக்கிறது.

அவளுடைய வேலை முக்கால்வாசி கரியோடுதான். அந்த ஊரில் குளிர்காலம் என்றால் எச்சில் தரையில் விழுமுன் உறைகிற குளிர். விடிந்ததும் ஆண்கள் இன்ஜினைக் கிளப்பி வாசலிலேயே ஓடவிட்டு உள்ளே போய்த் தேநீர் குடிப்பார்கள், இரண்டு மணி நேரம். அணைத்தால் மறுபடி கிளம்பாது என்று பயம். ஊரே உயரத்தில் இருக்கிறது, காற்று மெலிசு, கிடைக்கிற பெட்ரோலைப் பற்றிப் பேசாமலிருப்பது நல்லது. முழுசாய் எரியாததெல்லாம் கரியாகிப் பிஸ்டன் தலையில் படியும். வசந்தம் வருவதற்குள் நகக்கனத்துக்குப் பொருக்குக் கட்டிவிடும். அந்தப் பொருக்கு கணகணவென்று கனன்றுகொண்டிருந்தால், சாவியை எடுத்த பிறகும் பெட்ரோல் அதில் பட்டுத் தானே பற்றிக்கொள்ளும். அசனாலி லாரிக்கு நேர்ந்தது அதுதான்.

"குளிர்காலம் பூரா ஓடுது, ஆனா எங்கயும் போறதில்ல. மனுஷனே அப்படி இருந்தா கெட்டுப் போவான், வண்டி என்ன பண்ணும்?" என்பாள் புருல்.

அவள் இன்ஜினைத் திறந்து பிஸ்டன்களை வெளியே எடுப்பாள். தன் பிள்ளைகளைக் குளிப்பாட்டிய தகரத் தொட்டியில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊற வைப்பாள். பிறகு செம்மறிக் கிடாவின் கொம்பில் செதுக்கிய சுரண்டியால் சுரண்டுவாள். இரும்பு படக்கூடாது. பிஸ்டன் அலுமினியம், கீறல் விழும், அடுத்த கரி அந்தக் கீறலில்தான் முதலில் வந்து குடியேறும். ரிங் உட்காருகிற பள்ளங்களுக்கு மட்டும் பழைய ரிங்கை உடைத்து அதன் துண்டால் தோண்டுவாள். எந்தப் பிஸ்டன் எந்தச் சிலிண்டருக்கு என்று அடையாளம் வைக்க, கம்பள விரிப்புக்குச் சாயம் போட்ட கம்பளி நூலை ஆளுக்கொரு நிறமாகக் கட்டிவிடுவாள். எந்த நிறம் எந்த எண் என்பது அவள் தலைக்குள் மட்டும் இருந்தது. எழுதி வைத்தால் பக்கத்துப் பட்டறைக்காரன் படித்துவிடுவான்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவள் அந்த இருபத்திரண்டு வருஷமும் அடங்கிப் போனாள். அது, மேசையில் முடுக்கிப் பிஸ்டனைக் கவ்விப் பிடிக்கிற இரும்பு வைஸ். கெலின் என்பவள் தன் கணவனின் அண்ணனுக்கு முதுகு காட்டக்கூடாது. அறையை விட்டுப் போகும்போதுகூடப் பின்பக்கமாக நடந்துதான் போகவேண்டும். அசனாலி எந்த நேரமும் பெட்டி வாசலுக்கு வருவார். அதனால் வாசலைப் பார்த்து நிற்கிற மாதிரி வைஸை முடுக்கி வைத்திருந்தாள். வெளிச்சம் கண்ணில் அடிக்கும், பிஸ்டனின் எதிர்ப்பக்கம் பளிச்சென்று இருக்கும், அவள் பக்கம் இருட்டு. ஒவ்வொரு விரற்கடைக்கும் வைஸைத் தளர்த்தி, பிஸ்டனைத் திருப்பி, மறுபடி முடுக்கி, பார்த்து, மறுபடி தளர்த்தி. இப்படியே ஒரு ஆயுசில் பாதி.

சந்தையில் சிரிப்பு அடங்குவதற்குள் அசனாலி பெட்டி வாசலில் நின்றார். கூடவே மைரம். நகரத்திலிருந்து வண்டி மருந்து விற்க வந்த இளைஞன், சப்பாத்தில் தூசி படாமல் நடக்கத் தெரிந்தவன். கையில் நீலக் குப்பி.

"கெலின், இந்த வாட்டி நீ தொட வேணாம்" என்றார் அசனாலி. "மைரம் மருந்து ஊத்தப் போறான். பிளக்கக் கழட்டி உள்ள ஊத்திட்டா காலைல கரியெல்லாம் கரைஞ்சு போயிடும். நட்டு போல்டக் கழட்டிப் பரப்பற வேலையே கெடையாது. புதன்கெழம மேய்ச்சலுக்குக் கெளம்பணும்."

கோடை மேய்ச்சலுக்குக் குடும்பத்தோடு மலையேறுகிறவர்கள் புதன் விடிகாலையில் புறப்பட்டால் வழி திறக்கும் என்பது அங்கே எழுதாத சட்டம். அந்தப் புதனை விட்டால் அடுத்த புதன்தான், அதற்குள் ஓடையோரப் புல்லை வேறு குடும்பங்கள் பிடித்துவிடும்.

புருல் வைஸுக்குப் பின்னால் நின்றபடியே குப்பியைப் பார்த்தாள்.

"மருந்த நான் தப்பு சொல்லல பைகே" என்றாள். அவரைப் பைகே, அண்ணன் என்றுதான் அழைக்கலாம், பெயர் வாயில் வரக்கூடாது. "கொஞ்சங் கரிக்கு அது கேக்கும். உங்க வண்டில இருக்கறது கரி இல்ல, செங்கல். அது கரையாது, பேந்து விழும். பேந்தது வால்வுக்கு அடியில போய் உக்காந்துக்கும். அப்புறம் மருந்து கீழ எறங்கி ஆயில்ல கலக்கும். ஆயிலையாவது மாத்திட்டு ஓட்டுங்க."

"ஆயில் போன வருஷம் பனி விழறதுக்கு முன்னால மாத்தினதுதான். புதுசு மாதிரி இருக்கு."

"எஜெ, இப்ப எல்லா எடத்துலயும் இப்படித்தான் பண்றாங்க" என்றான் மைரம், அக்கா முறை வைத்துக் குழைந்து. "கைய அழுக்காக்கிக்கிட்டு எதுக்கு?"

"எங்கையி அழுக்கானா உனக்கென்ன தம்பி, நீயா கழுவப் போற?"

அசனாலி தொண்டையைக் கனைத்தார். வந்த காரியம் அதுவல்ல.

"இன்னொண்ணும் சொல்லிடறேன். புதன்கெழமையிலருந்து இந்தப் பெட்டி மைரமுக்கு. என் பேருல இருக்கற பெட்டி, நான் குடுக்கறேன். நீ மேய்ச்சலுக்கு வா. மத்த கெலினுங்க மாதிரி குதிரப்பால் கற. ஊரு சிரிச்சது போதும்."

ஊர் சிரித்தது லாரியைப் பார்த்து. பழி விழுந்தது இவள்மேல். புருலுக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. ஆனாலும் முகத்தை வாசலுக்கு நேராக வைத்துக்கொண்டே பதில் சொன்னாள்:

"என் சான்றிதழ்ல குதிரன்னு எழுதல பைகே."

அவர் காதில் போட்டுக்கொள்ளாமல் போய்விட்டார்.

திங்கள் காலையில் ஊற வைத்த லாரியைக் கிளப்பினார்கள். வெள்ளையும் கறுப்புமாய்ப் புகை எழும்பிச் சந்தைத் திடலையே மூடியது, சுலைகா சம்சாவுக்கு மேல் துணி போட்டாள். புகை கலைந்ததும் இன்ஜின் சாந்தமாக ஓடியது. அசனாலி எல்லோரும் பார்க்கச் சாவியை எடுத்தார். லாரி அந்த நொடியே நின்றது. கூட்டம் கைதட்டியது. அவர் புருலின் பெட்டிப் பக்கம் திரும்பி, "பாத்தியா கெலின்? ஒரு போல்டு கழட்டல" என்று கத்தினார்.

பாலம்வரை ஒரு சுற்றுப் போய் வருகிறேன் என்று கிளம்பினார். போனவர் ஓட்டிக்கொண்டு வரவில்லை. மத்தியானம் ஒரு டிராக்டர் லாரியைக் கயிறு கட்டி இழுத்து வந்தது, அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஒரு சிலிண்டர் செத்துவிட்டது. ஆயில் அழுத்த விளக்கு சிவப்பாய் எரிந்தது. அளவு பார்க்கும் குச்சியை உருவினால் ஆயில் தண்ணீராய்ச் சொட்டியது.

"இன்னொரு குப்பி ஊத்துனா சரியாயிடும் பைகே" என்றான் மைரம். குப்பி தீர்ந்திருந்தது. இருவரும் அவன் காரில் நாரினுக்குப் புறப்பட்டார்கள், நாளைக்கு வருவதாய்ச் சொல்லி.

கார் தூசி அடங்கியதும் புருல் டிராக்டர்காரனைக் கூப்பிட்டாள். லாரியை அவள் பெட்டிக்குப் பக்கத்தில், அடியில் இறங்கி வேலை பார்க்கிற குழிமேல் தள்ளி நிறுத்த வைத்தாள். கேட்டுவிட்டுச் செய்தால் வேண்டாம் என்பார்கள். ஆகவே கேட்கவில்லை.

பள்ளிக்கூடம் விட்டு வந்த எசெனுக்கு முகத்தில் ஈயாடவில்லை. "புருல், அண்ணன் வந்தா நான் என்ன சொல்றது?"

"பூகோளம் சொல்லிக் குடு. நாரின்லருந்து இங்க எத்தன கிலோமீட்டர்னு. கோட்டக் கழட்டிட்டுக் கீழ எறங்கு, ஆயில் தட்டக் கழட்டணும்."

நல்ல மனுஷன், இறங்கினான். சாயங்காலத்துக்குள் இன்ஜினின் மேல்மூடி, ஹெட், வெளியே வந்தது. மூன்றாவது சிலிண்டரின் வால்வுக்கு அடியில், அவள் சொன்ன அதே இடத்தில், பட்டாணி அளவு கரிச்சில்லு சப்பென்று உட்கார்ந்திருந்தது. அதை எடுத்துச் சான்றிதழுக்குக் கீழே பலகையில் வைத்தாள். நாலு பிஸ்டனும் தொட்டிக்குள் இறங்கின.

செவ்வாய் விடிந்ததும் சுரண்ட ஆரம்பித்தாள். மருந்து கரியின் மேல்தோலைத்தான் தின்றிருந்தது. அடியிலிருந்தது பாறை. முதல் பிஸ்டன் முடியவே வெயில் சுவரில் பாதி ஏறிவிட்டது. தளர்த்து, திருப்பு, முடுக்கு, பார். முடிந்தது என்று நினைத்துப் பள்ளத்தில் விரலை ஓட்டினாள், நிழல் விழுந்த பக்கத்தில் சொரசொரத்தது. கரி அப்படியே இருந்தது. இன்னும் மூன்று இருக்கின்றன. இந்த வேகத்தில் போனால் புதன் போய்விடும், பெட்டியும் போய்விடும்.

புருல் கொம்பைக் கீழே போட்டாள். பெரிய ஸ்பானரை எடுத்து வைஸின் முதல் போல்ட்டில் மாட்டினாள். இருபத்திரண்டு வருஷத் துரு. சுத்தியலால் நாலு அடி அடித்த பிறகுதான் அசைந்தது.

"அத ஏன் கழட்டற?" என்றான் எசென்.

"அந்தப் பக்கம் மாட்டப் போறேன். வெளிச்சம் தோளுக்கு மேல விழணும்."

"அப்ப வாசலுக்கு முதுகு காட்டணுமே."

"ஆமா."

"அண்ணன் வந்தா?"

புருல் நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. "இருபத்திரண்டு வருஷம் பாதி இருட்டுல வேல பாத்திருக்கேன் எசென். யாரு வருவாங்களோன்னு வாசலையே பாத்துக்கிட்டு. எத்தன பேரு வண்டில எத்தன பள்ளத்துல கரிய விட்டிருப்பேனோ, தெரியாது. இனிமே விடமாட்டேன். அந்தப் பக்கத்த பிடி."

அவன் பிடித்தான். வைஸ் இடம் மாறியது. அடுத்த பிஸ்டனைப் பொருத்தினாள். இடது தோளுக்கு மேலாக வெளிச்சம் வந்து ஒவ்வொரு பள்ளத்தையும் அடிவரை காட்டியது. இத்தனை நாள் எதைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று அவளுக்கே அவள்மேல் கோபம் வந்தது. முதல் பிஸ்டனையும் திரும்ப எடுத்து விட்டுப்போன கரியைத் தோண்டி எறிந்தாள். கை பறந்தது.

நாலாவது பிஸ்டனில் இருக்கும்போது திடீரென்று பள்ளம் இருண்டது. வாசலில் யாரோ நின்றார்கள். கனைப்பிலேயே தெரிந்தது. அவள் திரும்பவில்லை.

"கெலின்."

கொம்பு சுரண்டுகிற சத்தம்.

"கெலின்! யாருக்கு முதுகக் காட்டிக்கிட்டு நிக்கற?"

"வெளிச்சத்த மறைக்கிறீங்க பைகே. தள்ளி நில்லுங்க."

வரிசையில் இருந்த எல்லாப் பட்டறையிலும் சுத்தியல் நின்றது. சுலைகா சம்சாத் தட்டோடு வந்தவள் அப்படியே நின்றாள். அசனாலியின் குரல் சந்தைவரை கேட்டது.

"யாரக் கேட்டு என் வண்டியப் பிரிச்ச? வெளிய வா! இன்னிக்கே, இப்பவே, பெட்டிய மைரம்கிட்ட குடு!"

புருல் கொம்பை வைத்தாள். கையைத் துணியில் துடைத்தாள். முகம் பின்சுவரைப் பார்த்தே இருந்தது.

"குடுத்துடறேன். மைரம், உள்ள வா தம்பி. இதோ நாலு பிஸ்டன். செவப்பு நூலு, பச்ச நூலு, மஞ்ச நூலு, நீலம். எது ஒண்ணாம் நம்பர்? எது எந்தப் பக்கம் பாக்கணும்? மாத்திப் போட்டா கணவாய் ஏறறதுக்கு முன்னாடியே தட்ட ஆரம்பிக்கும். சொல்லு. மாட்டு. நான் வீட்டுக்குப் போறேன்."

மைரம் பிஸ்டனைப் பார்த்தான். கையிலிருந்த குப்பியைப் பார்த்தான்.

"எஜெ, நான் மருந்து மட்டுந்தான்..."

"குப்பி மேல எழுதியிருக்கான்னு படிச்சுப் பாரு தம்பி!" என்றாள் சுலைகா.

யாரோ சிரித்தார்கள், உடனே அடக்கிக்கொண்டார்கள். அசனாலி தன் லாரியைப் பார்த்தார். மூடி திறந்து, வயிறு காலியாய் நின்றது. நாளைக்குப் புதன். தெருவே கூடாரத்தைப் பிரித்துக் கட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தது.

"சரி" என்றார் கடைசியில். "முடி."

"முடிக்கறேன். யாரு பெட்டில நின்னு முடிக்கறேன்னு சொல்லிடுங்க."

புருல் காத்திருந்தாள். இது நியாயமா, ஆளை இக்கட்டில் மாட்டிவைத்துக் கேட்கலாமா என்று பிற்பாடு ஊரில் சிலர் பேசினார்கள். அவளும் இருபத்திரண்டு வருஷம் நியாயமாக இருந்து பார்த்தவள்தான். அதற்குக் கிடைத்தது குதிரைப்பால்.

"உன் பெட்டி" என்றார் முணுமுணுப்பாக.

"கேக்கல பைகே. சுலைகா எஜெக்கும் கேட்டிருக்காது."

"உன் பெட்டிதான்! போதுமா?"

"போதும். இப்ப வெளிச்சம்."

அவர் தள்ளி நிற்கவில்லை, திரும்பிப் போயே விட்டார். அவர் போன வேகத்துக்கு மைரமின் சப்பாத்தெல்லாம் தூசி. புருல் மறுபடி கொம்பை எடுத்துக்கொண்டாள்.

பொழுது சாய்வதற்குள் நூல்களை அவிழ்த்து ஒவ்வொரு பிஸ்டனையும் அதனதன் வீட்டில் இறக்கினாள். புது ஆயில் ஊற்றினாள். எசென் குழியிலிருந்து ஏறி வந்தபோது அவனை அவன் மாணவர்களுக்கே அடையாளம் தெரிந்திருக்காது.

புதன் விடிகாலை. தெரு முழுக்க வண்டிகள், மேலே கூடாரக் கம்புகள், கட்டிப்போட்ட ஆட்டுக்குட்டிகளின் கத்தல். அசனாலி லாரியில் ஏறிச் சாவியைத் திருப்பினார், ஒரே திருப்பில் பிடித்தது. சாவியை எடுத்தார். நின்றது. மறுபடி போட்டார், எடுத்தார், நின்றது. மூன்றாவது தடவையும் செய்து பார்த்தார். அவர் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டார், புருலும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை.

"நீ மேய்ச்சலுக்கு வரலையா?" என்று பக்கத்து வண்டிப் பெண் கேட்டாள்.

"அங்க யாரு வண்டில கரி இருக்கு? எல்லாம் இங்கதான் வரும்" என்றாள் புருல்.

லாரி கணவாய் ஏறி மறுபக்கம் இறங்கியது, வழியில் ஒரு தட்டும் தட்டவில்லை என்று ஆட்கள் வந்து சொன்னார்கள். மைரம் அந்த வாரமே குப்பிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு வேறு சந்தை தேடிப் போனான்.

அந்தக் கோடை முழுக்க, கணவனின் அண்ணனுக்கு முதுகு காட்டியவள் என்று அவள்மேல் பேச்சு ஓடியது. இரண்டு கிழவிகள் அவள் வணக்கத்தை வாங்கிக்கொள்ளவில்லை. அவள் மாமியார் வழிச் சொந்தம் ஒன்று கல்யாணத்துக்கு அழைக்கவில்லை. புருலுக்கு வலித்தது. ஆனால் வைஸ் இருந்த இடத்திலேயே இருந்தது. போல்ட் தளரக்கூடாது என்று நாலையும் பற்றவைத்துவிட்டாள்.

முதல் பனிக்கு முன்னால் குடும்பங்கள் மலையிலிருந்து இறங்கின. ஒரு காலையில் அவள் ஒரு பிஸ்டனைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது வெளியே கனைப்புச் சத்தம் கேட்டது. அவள் திரும்பவில்லை, கை மட்டும் ஒரு கணம் நின்றது, பள்ளம் இருளப்போகிறது என்று. இருளவில்லை.

அசனாலி வாசலில் நிற்கவில்லை. கதவுக்கு வெளியே, இரும்புச் சுவரில் தோளைச் சாய்த்துக்கொண்டு, ஒதுங்கி நின்றிருந்தார். அங்கிருந்தே பேசினார்.

"கெலின், நம்ம மச்சான் வண்டி ஒண்ணு. சாவிய எடுத்தாலும் நிக்க மாட்டேங்குதாம். கொண்டாரச் சொல்லட்டா?"

"கொண்டாரச் சொல்லுங்க பைகே" என்றாள் புருல், திரும்பாமலே.